மைக் வேண்டாத நாடகத்துக்கு ஒரு சவுண்டு சர்வீஸ்

பந்தல், சேர், லைட்டு, மைக்குன்னு வாடகைக்கு விடுறவன் ஊர்ல நடக்கிற எல்லா விசேஷத்துக்கும் போவான், ஆனா ஒண்ணையாவது முழுசாப் பார்த்திருக்க மாட்டான். தாலி கட்டுற நேரத்துல ஜெனரேட்டர் பக்கத்துல குந்தியிருப்பான். பேச்சாளர் உருக்கமாப் பேசுறப்போ மைக் ஏன் கூவுதுன்னு ஒயரைத் தடவிக்கிட்டிருப்பான். இதைப் படிக்கிறவங்கள்ல நம்ம தொழில்காரங்க இருந்தா இந்நேரம் தலையை ஆட்டியிருப்பீங்க. மத்தவங்க, அடுத்த விசேஷத்துல எங்களைப் பார்த்தா சாப்பிட்டியான்னாவது ஒரு வார்த்தை கேளுங்க.

என் பேர் ஏழுமலை. மேனாம்பேட்டுல கடை. வருசக்கணக்கா ஸ்பீக்கர் பெட்டி பக்கத்துலயே நின்னு நின்னு இடது காது போயிடுச்சு, வலது காது பாதி. இது ஊருக்கே தெரியும், நான்தான் ஒத்துக்கிட்டதில்ல. சவுண்டு சர்வீஸ்காரன் காதுல மெஷின் மாட்டிக்கிட்டு நின்னா எவன் ஆர்டர் கொடுப்பான்? அதனால ஒரு வழி வெச்சிருந்தேன். யார் என்ன சொன்னாலும் தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சு, கண்ணைச் சுருக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டிட்டு, "ஜமாய்ச்சிடலாம்"னு சொல்லிடுவேன். கல்யாணம், காதுகுத்து, கட்சிக் கூட்டம், எல்லாத்துக்கும் அந்த ஒரே வார்த்தை. கருமாதிக்கும் அப்படியே சொல்லி ஒரு வீட்டுல திட்டு வாங்கியிருக்கேன்.

இப்ப சொல்லப்போறது போன தை மாசம், கள்ளிக்குப்பம் தாண்டி இருக்கிற ஒரு பெண்கள் கல்லூரியில நடந்தது.

வேணும், வேண்டாம்

அந்தக் கல்லூரியில இங்கிலீஷ் பாடம் நடத்துற நிர்மலா மேடம் என்னைக் கூப்பிட்டு விட்டாங்க. நானூறு வருசத்துக்கு முன்னாடி, எலிசபெத் ராணி காலத்துல, லண்டன் சனங்க நாடகத்துக்குப் போனா எப்படி இருந்திருக்கும்னு பாடத்துல வருதாம். படிச்சா ஒரு பிள்ளைக்கும் ஏற மாட்டேங்குது, அதனால அதை அப்படியே நடத்திக் காட்டப்போறாங்களாம். கதை அவங்களே தமிழ்ல எழுதினது. கல்லூரி முற்றத்துல நின்னு ரொம்ப நேரம் விளக்கினாங்க. என் கெட்ட நேரம், இடது பக்கமா நின்னு விளக்கினாங்க. நான் ஜமாய்ச்சிடலாம்னு சொல்லிட்டு வந்துட்டேன்.

மறுநாள் ஒரு வண்டி நிறைய சேர், பெடஸ்டல் ஃபேன், ஃபோகஸ் லைட்டு, மைக் செட்டு, பட்டுத் திரை, காடு வரைஞ்ச படுதான்னு கொண்டுபோய் இறக்கினேன். மேடம் நெத்தியில கையை வெச்சுக்கிட்டாங்க. அப்புறம் வலது பக்கமா வந்து சத்தமாச் சொன்னாங்க. அந்த லண்டன் நாடகக் கொட்டாயில நடுவுல கூரையே கிடையாதாம், திறந்த வானம். நாடகம் மத்தியானத்துல, சூரிய வெளிச்சத்துல. அதனால லைட்டு வேண்டாம். திரை வேண்டாம். காடு வேணும்னா நடிக்கிறவங்களே "இது காடு"ன்னு சொல்வாங்களாம், அப்பவே அது காடாயிடுமாம், படுதா வேண்டாம். முற்றத்துல சனங்க நின்னுக்கிட்டே பார்ப்பாங்களாம், சேரும் வேண்டாம். என்கிட்ட அவங்களுக்கு வேண்டியது ஒரு மேடை மட்டும்தான். நெஞ்சு உயரத்துக்கு, முற்றத்துக்குள்ள நாக்கு நீட்டின மாதிரி. அது மேல ரெண்டு தூண் நட்டு ஒரு சின்னக் கூரை, கூரையோட அடிப்பக்கம் நட்சத்திரம் வரைஞ்சிருக்கணும்.

என்கிட்ட வேலை பார்க்கிற டில்லிபாபு எல்லா சேரையும் திரும்ப வண்டியில ஏத்தினான். கடைசி அடுக்கை ஏத்திட்டு என் வலது காதுகிட்ட வந்து சொன்னான்: "அண்ணாத்தே, ஒருத்தன்கூட குந்தாம நம்ம சேரு ஊட்டுக்குத் திரும்புறது இதான் மொத தபா."

ஒரே ஒரு வசனம்

அந்தக் கல்லூரியிலதான் என் பொண்ணு மஞ்சு ரெண்டாவது வருசம் இங்கிலீஷ் படிக்குது. நான் அவளை பி.காம்ல சேர்க்கிறதாத்தான் நினைச்சிருந்தேன். "இங்கிலீஷ் எடுக்கட்டுமாப்பா"ன்னு அவ கேட்டப்போ ஜமாய்ச்சிடலாம்னு சொன்னேனாம். பக்கத்துல இருந்த என் வீட்டுக்காரி சாந்தி சாட்சி.

மேடை கட்டிக்கிட்டிருந்தப்போ மேடம் ஒரு விஷயம் சொன்னாங்க. அந்தக் காலத்து சனங்க நாடகம் "பார்க்கப்" போறோம்னு மட்டும் இல்ல, "கேட்கப்" போறோம்னும் சொல்வாங்களாம். சீன், லைட்டு, ஜிகினா எல்லாம் கம்மி, பேச்சுதான் எல்லாமே. கூடி நிக்கிற அத்தனை பேருக்கும் மைக் இல்லாம வெறும் தொண்டையாலயே கேட்க வெச்சாங்களாம். எனக்குக் கவலை ஆயிடுச்சு. ஏன்னா அந்த நாடகத்துல மஞ்சுவும் இருக்கா, அவளுக்கோ பூனைக்குட்டி மாதிரி சின்னக் குரல்.

அன்னைக்குச் சாயங்காலம் மஞ்சு என் வலது பக்கமா வந்து உக்காந்தா. டாக்டர்கிட்ட காதைக் காட்டுன்னு வருசம் பூரா கெஞ்சி அலுத்தவ, இந்தத் தடவை பந்தயம் கட்டினா. "எனக்கு ஒரே ஒரு வசனம்தான்பா. அது இன்னான்னு நாடகம் முடிஞ்சதும் நீ சொல்லிட்டா, இனிமே டாக்டர் பேச்சையே எடுக்க மாட்டேன். சொல்லலைன்னா திங்கக்கிழமை என்கூட வரணும்." நான் ஜமாய்ச்சிடலாம்னு சொன்னேன். அவ என் மூஞ்சைப் பார்த்துக் கேட்டா: "இப்ப நான் சொன்னது காதுல விழுந்துதான் சொல்றியா?"

கறுப்புக் கொடி

நாடகம் உண்டுன்னு ஊருக்குத் தெரியணும்னா லண்டன்ல கொட்டாய் உச்சியில கொடி ஏத்துவாங்களாம். கறுப்புன்னா சோகக் கதை, வெள்ளைன்னா சிரிப்புக் கதைன்னு ஒரு பேச்சு உண்டாம். நம்ம கதையில ராஜா கடைசியில செத்துப்போறார். அதனால பெரிய கறுப்புத் துணியா வாங்கி, மொட்டை மாடியில சவுக்குக் கட்டை நட்டு, காலையிலயே ஏத்தி விட்டேன். நல்ல காத்து, பிரமாதமாப் பறந்துச்சு.

நம்ம ஊர்ல கறுப்புக் கொடின்னா என்ன அர்த்தம்னு உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்ல. பத்து மணிக்குள்ள வாசல்ல கும்பல் கூடிடுச்சு. ஃபீஸ் ஏத்திட்டாங்களான்னு ஒருத்தர், எந்த மந்திரி வர்றார்னு ஒருத்தர். பின்னாடியே பைக்ல ஒரு போலீஸ் ஏட்டு வந்து இறங்கிட்டார். மேடம் அவருக்கு எலிசபெத் ராணியில ஆரம்பிச்சு எல்லாத்தையும் பொறுமையா விளக்கினாங்க. அவரும் பொறுமையாக் கேட்டார். கிளம்புறப்போ என்னைத் தனியாக் கூப்பிட்டுச் சொன்னார்: "நாடகம்னா செவப்பு, மஞ்சள்னு எதையாவது கட்டுய்யா. கறுப்பைப் பார்த்தா எங்க பொழப்பு ஆரம்பிச்சிடுது."

மீசை

அந்தக் காலத்துல பொம்பளைங்க மேடை ஏறக் கூடாதாம். ராணி வேஷமும் காதலி வேஷமும் மீசை முளைக்காத பையன்களுக்குத்தான். இங்க அது தலைகீழ். பெண்கள் கல்லூரி, ராஜாவிலிருந்து சேவகன் வரைக்கும் எல்லாம் பொண்ணுங்க. அஞ்சாறு பேர் மீசை ஒட்டி, தலைப்பாகை கட்டி, வேஷத்தோடயே டீ குடிக்கக் கேட்டுக்கு வெளியே போயிட்டாங்க. திரும்பி வர்றப்போ வாட்ச்மேன் குறுக்க நின்னுட்டார். புது ஆள், வேலைக்கு வந்து ஒரு வாரம்தான் ஆச்சு. அடையாள அட்டையைக் காட்டினாங்க, அதுல இருக்கிற படத்துக்கு மீசை இல்ல. ராஜாவா நடிக்கிற பொண்ணு கடுப்பாகி மீசையை வெடுக்குனு பிச்சுக் காட்டினப்புறம்தான் வழி விட்டார்.

மேல் உதடு செவந்துபோய் அந்தப் பொண்ணு உள்ளே போறதைப் பார்த்துக்கிட்டே வாட்ச்மேன் என்கிட்ட நியாயம் கேட்டார்: "ஆம்பளை உள்ள போனா என் வேலை போயிடும்னு சொல்லித்தான் சேர்த்தாங்க, பொம்பளை ஆம்பளையாப் போனா இன்னா பண்றதுன்னு சொல்லித் தரலையே சார்."

கடலை

மத்தியானம் ரெண்டு மணிக்கு நம்ம பேண்டு செட்டு ஆளு மூணு தடவை ட்ரம்பெட் ஊதினார். லண்டன்லயும் மூணாவது ஊதலுக்குத்தான் நாடகம் ஆரம்பிக்குமாம். அதுக்குள்ள முற்றம் நிரம்பிடுச்சு. பிள்ளைங்களோட அப்பா அம்மா, கள்ளிக்குப்பம் சனங்க, காலையில கறுப்புக் கொடியைப் பார்த்துட்டு வந்த கும்பல்ல பாதி. சுத்தி ரெண்டு மாடி வராண்டாவுலயும் பெஞ்சு போட்டிருந்தாங்க. லண்டன்ல அங்கதான் காசு அதிகமாக் கொடுத்தவங்க உக்காருவாங்களாம். இன்னும் கொஞ்சம் கொடுத்தா மெத்தையும் கிடைக்குமாம். மேடை கட்டினவர்ங்கிற மரியாதைக்கு மேடம் என்னை மேல் வராண்டாவுல மெத்தை போட்டு உக்கார வெச்சாங்க. இந்தத் தொழிலுக்கு வந்து எனக்கு ஒருத்தர் உக்கார இடம் போட்டது அன்னைக்குத்தான், அதுவும் சேரே வேண்டாம்னு சொன்ன இடத்துல.

பூந்தமல்லியிலிருந்து பஷீர் பாய் கடலை வண்டியோட வந்திருந்தார். நான்தான் வரச் சொல்லியிருந்தேன். நாடகம் நடக்கிறப்பவே லண்டன் சனங்க கொட்டையை உடைச்சுத் தின்னுக்கிட்டும் பழத்தைக் கடிச்சுக்கிட்டும் இருப்பாங்களாம். இடைவேளையே கிடையாது, நீங்க பாட்டுக்கு நடுவுலயே வித்துக்கலாம்னு மேடம் அவர்கிட்ட சொல்லிட்டாங்க. பாய் வண்டியை ஓரமா விட்டுட்டு, கடலைக் கூடையைத் தோள்ல மாட்டிக்கிட்டுக் கூட்டத்துக்குள்ள இறங்கி, "கடலே, சூடா கடலே"ன்னு ஒரு குரல் கொடுத்தார். மேல் மாடியில இருந்த எனக்கே கேட்டுச்சு. மேடையில ராஜா அப்போ மகளை நாடு கடத்திக்கிட்டிருந்தார், அவர் பேசினது அந்தக் குரல்ல முங்கிப்போச்சு. ராஜா வேஷக்காரப் பொண்ணு அசரல. அப்படியே மேடை ஓரத்துக்கு வந்து, வாளை நீட்டி, ஆண்டவனே கேட்கிற மாதிரி சொல்லுச்சு: "அந்தக் கடலைக்காரரையும் என் மகளோடு நாடு கடத்துங்கள், ஒரு பொட்டலத்தை மட்டும் இங்கே வைத்துவிட்டு!"

மேடை மேல விருந்தாளி

லண்டன்ல பெரிய மனுஷங்க மேடை மேலயே முக்காலி போட்டு உக்காருவாங்களாம், நாடகம் பார்க்கிறதுக்கு மட்டும் இல்ல, தங்களை நாலு பேர் பார்க்கிறதுக்கும். அதனால தலைமை விருந்தினரை, தொழிற்பேட்டையில பட்டறை வெச்சிருந்து ஓய்வு எடுத்தவர் அவர், தூண் ஓரமா முக்காலியில உக்கார வெச்சாங்க. முதுகு சாய வழியில்ல, மத்தியானச் சாப்பாடு வேற. அவர் கொட்டாவி விட்டா கீழே அத்தனை பேருக்கும் தெரியுது. ராணி அழுதுக்கிட்டிருக்கிற இடத்துல அவர் வாயைப் பெருசாத் திறந்தார், முற்றம் கொல்லுன்னு சிரிச்சுக் கை தட்டுச்சு. அவர் எழுந்து கும்பிட்டார்.

கோவிச்சுக்குவாரோன்னு மேடம் பயந்துட்டாங்க. ஆனா மனுஷன் போறப்போ முகமெல்லாம் சிரிப்பு. கார்ல ஏறுறப்போ டிரைவர்கிட்ட சொல்லிட்டிருந்தாராம்: "எத்தனையோ விழாவுல பேசியிருக்கேன், ஒருத்தன் தட்டினதில்ல. இன்னைக்குக் கொட்டாவிக்குத் தட்டினாங்கய்யா."

தரை டிக்கெட்

மெத்தையில உக்காந்திருந்தேனே தவிர, எனக்கு இருப்பு கொள்ளல. மேல இருந்து பார்த்தா வாய் அசையுது, சத்தம் வரல. ராஜாவோட குரலே பாதிதான் வருது. மஞ்சு பேசினா என்னத்தைக் கேட்கும்? அப்பத்தான் ஒண்ணு உறைச்சுது. சினிமா கொட்டாயில தரை டிக்கெட்டுன்னா கழுத்து வலிக்கும், பெரிய மனுஷன் பின்னாடி மாடியில இருப்பான். இங்க அப்படி இல்ல. ரொம்பக் கம்மிக் காசு கொடுத்தவன்தான் மேடைக்கு ரொம்பக் கிட்ட நிக்கிறான். பலகை மேல கையையே ஊன்றிக்கலாம். மெத்தையை உதறிட்டு மாடிப்படி இறங்கி, கூட்டத்தை இடிச்சுக்கிட்டு, முன்னாடி போய் வலது காதை மேடைக்குக் காட்டி நின்னேன். வெயில் மண்டையைப் பொளந்துச்சு. இத்தனை வருசமா ஊருக்கெல்லாம் பந்தல் போட்டவன் பந்தல் இல்லாம நின்னேன்.

மந்திரி வேஷத்துல மஞ்சு வந்தா. பெரிய தலைப்பாகை, முறுக்கு மீசை. ராஜா கர்ஜிக்கிறார்: "மந்திரி! எதிரி வாசலில் நிற்கிறான். எல்லாம் உன்னால்தான். நாளைக் காலையில் உன் தலையைச் சீவிக் கோட்டை வாசலில் தொங்கவிடப் போகிறேன்!" இது எனக்கு நல்லாவே கேட்டுச்சு. மந்திரி தலையை ஒரு பக்கமாச் சாய்ச்சா. கண்ணைச் சுருக்கினா. ரெண்டு ஆட்டு ஆட்டினா. எங்கேயோ பார்த்த ஆளு மாதிரி இருந்துச்சு, யாருன்னுதான் பிடிபடல. அவ வாய் அசைஞ்சுது. எனக்கு ஒண்ணுமே கேட்கல.

முற்றமே அதிர்ந்துச்சு. சனங்க வயித்தைப் பிடிச்சுக்கிட்டுச் சிரிச்சாங்க, சிரிச்சுக்கிட்டே என் பக்கம் திரும்பித் திரும்பிப் பார்த்தாங்க. பஷீர் பாய் என் முதுகுல ஒண்ணு வெச்சார். மகளுக்குக் கை தட்டுறாங்கன்னு எனக்கு ஒரே பெருமை, எல்லாரையும்விட சத்தமா நானும் சிரிச்சேன். பக்கத்துல நின்ன எங்க தெரு அக்கா கண்ணைத் துடைச்சுக்கிட்டு, என் காதுக்கிட்ட வாயை வெச்சுச் சொன்னாங்க: "இன்னா ஏழுமலை, நீயே சிரிச்சுக்கினு கீறியே!"

செத்தவங்க ஆட்டம்

கடைசியில ராஜா செத்தார், ராணி செத்தா, மந்திரி தலையும் போச்சு. மேடையில பாய் விரிச்ச மாதிரி பொணம். என் பக்கத்துல ரெண்டு மூணு பேர் மூக்கை உறிஞ்சினாங்க. திடீர்னு ட்ரம்பெட்டும் மோளமும் ஒண்ணா எழும்புச்சு. செத்தவங்க எல்லாரும் எழுந்து ஆட ஆரம்பிச்சுட்டாங்க. எவ்வளவு சோகமான நாடகமா இருந்தாலும் ஆடிப் பாடித்தான் லண்டன்ல சனங்களை வீட்டுக்கு அனுப்புவாங்களாம். மோளச் சத்தம் காலுக்குள்ள ஏறுச்சு, முற்றத்துல நின்ன சனங்களும் ஆடினாங்க. எனக்குக் காது வேண்டாத ஒரே இடம் அதுதான், நானும் ரெண்டு ஸ்டெப் போட்டேன்.

டில்லிபாபு மட்டும் ஆடல, ஆச்சரியமாப் பார்த்துட்டு நின்னான். அப்புறம் வந்து என்கிட்ட சொன்னான்: "செத்தவனுக்கு நாம ஆடுறது நம்ம பக்கம் வழக்கம்தான் அண்ணாத்தே. செத்தவனே எந்திரிச்சு ஆடுறதை இன்னிக்கித்தான் பாக்குறேன்."

திரும்பச் சொல்லு

கூட்டம் கலைஞ்சப்புறம் மேடையைப் பிரிச்சுக்கிட்டிருந்தோம். சனங்க ஏன் என்னைப் பார்த்துச் சிரிச்சாங்கன்னு டில்லிகிட்ட கேட்டேன். அவன் சுத்தியும் முத்தியும் பார்த்தான். அப்புறம் என் வலது காதுல வாயை வெச்சு, மஞ்சு பேசின வசனத்தைக் கத்தியே சொல்லிட்டான். நான் கையில இருந்த பலகையைக் கீழே வெச்சுட்டு அது மேலயே குந்திட்டேன். முதல்ல கோவம் வந்துச்சு. அப்புறம் வெக்கம். ஊரே சிரிச்சப்போ எல்லாரையும்விட சத்தமாச் சிரிச்சவன் நான்தானே.

மஞ்சு மீசையைக் கையில பிடிச்சுக்கிட்டு வந்தா. வசனம் என்னன்னு கேட்டா. எனக்குத்தான் இப்பத் தெரியுமே. சொல்லிட்டா பந்தயம் எனக்கு, டாக்டர் பேச்சு அதோட முடிஞ்சுது. டில்லி பின்னாடி நின்னு, சொல்லு சொல்லுன்னு ஜாடை காட்டினான். நான் அவ மூஞ்சைப் பார்த்தேன். ஒரு மாசமா அந்த ஒத்தை வசனத்தைக் கண்ணாடி முன்னாடி நின்னு பழகியிருக்கா. மேல் மாடியில கடைசி பெஞ்சு வரைக்கும் எல்லாருக்கும் கேட்டிருக்கு. மேடைக்குக் கீழேயே நின்ன அப்பனுக்கு மட்டும் கேட்கல.

"கேட்கலம்மா"ன்னு சொன்னேன். "திரும்பச் சொல்லு."

அவ கண்ணு கலங்கிடுச்சு. பொறந்ததுல இருந்து என் வாயால அவ கேட்டிராத வார்த்தை அது. பாதி பிரிச்ச மேடை மேல ஏறி, மீசையை மூக்குக்குக் கீழே வெச்சுப் பிடிச்சு, தலையைச் சாய்ச்சு, கண்ணைச் சுருக்கி, ரெண்டு ஆட்டு ஆட்டி, என் வலது காதுப் பக்கமாக் குனிஞ்சு எனக்குன்னே சத்தமாச் சொன்னா: "ஜமாய்ச்சிடலாம் அரசே!" கேட்டுச்சு. அட்சரம் பிசகாம கேட்டுச்சு. அப்படியே என்னை உரிச்சு வெச்சிருந்தா. எனக்குச் சிரிப்பு அடங்கவே இல்ல, டில்லிதான் தண்ணி கொண்டாந்து கொடுத்தான்.

"திங்கக்கிழமை டாக்டர்கிட்ட போவலாமா?"ன்னு நானே கேட்டேன். மேடையிலிருந்து இறங்கி வலது பக்கமா வந்து, என் தோள்ல கையைப் போட்டுக்கிட்டுச் சொன்னா: "ஜமாய்ச்சிடலாம்பா."

சேர், லைட்டு, மைக்கு, திரைன்னு நான் வாடகைக்கு விடுற எதுவுமே இல்லாம நாடகம் நடத்திட்டுப் போயிட்டாங்க அந்த லண்டன்காரங்க, அவங்க நாடகத்துக்கு வேண்டியிருந்த ஒரே சாமானான காது மட்டும் என் கடையிலும் இல்ல, என்கிட்டயும் இல்ல.